நாட்டுக்கோழிக் குஞ்சுகள்: முதல் எட்டு வாரப் பராமரிப்பும், சேவல் பெட்டை பிரித்தறியும் முறையும்

நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கச் செல்பவர்கள் முதலில் கேட்பது, "இதில் பெட்டை எத்தனை?" என்பதுதான். முட்டைக்காக வளர்ப்பவர் இப்படிக் கேட்பது நியாயமே. ஐந்து, ஆறு மாதம் தீனி போட்ட பிறகு பாதிக்கு மேல் சேவலாக நின்றால், மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டும் கணக்கே மாறிப்போகும்.

ஆனால், பிறந்து ஒரு நாளே ஆன நாட்டுக்கோழிக் குஞ்சின் வெளித்தோற்றத்தை வைத்துச் சேவல், பெட்டை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏழு, எட்டு வாரம் ஆனதும் குஞ்சே தன் இனத்தைக் காட்டிவிடும். எனவே, வாங்கும் நாளில் பாதி சேவல், பாதி பெட்டை என்று கணக்கு வையுங்கள். எட்டு வாரம் வரை குஞ்சுகளைச் சாகவிடாமல் காப்பாற்றுங்கள். அதன் பிறகு சேவலையும் பெட்டையையும் பிரித்து வளருங்கள். இந்த வரிசையில் செய்தால் புறக்கடைக் கோழி வளர்ப்பில் ஏற்படும் நட்டத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.

வாங்கும்போது போட வேண்டிய கணக்கு

கோழிகளில் குஞ்சு சேவலா, பெட்டையா என்பதைத் தீர்மானிப்பது தாய்க்கோழியின் கருமுட்டை. இது முட்டை ஓடு உருவாவதற்கு முன்பே முடிவாகிவிடும். சேவலும் பெட்டையும் ஏறக்குறைய சம அளவில்தான் பிறக்கும். ஆனால், குறைந்த எண்ணிக்கையில் வாங்கும்போது இந்தச் சமன் மாறலாம். 10 குஞ்சுகள் வாங்கினால், அதில் ஏழோ அதற்கு மேலோ சேவலாக இருக்கும் வாய்ப்பு ஆறில் ஒரு பங்கு உண்டு. 50 குஞ்சுகள் வாங்கினால், பெரும்பாலும் பெட்டைகள் 18 முதல் 32 வரை இருக்கும்.

20 பெட்டைக்கோழிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பராமரிப்பிலும் 100-க்கு 10 குஞ்சுகள் இறக்கலாம் என்று கணக்கிட்டால், 50 குஞ்சுகள் வாங்க வேண்டும். 45 பிழைத்தால் அதில் 22 அல்லது 23 பெட்டைகள் கிடைக்கும். மீதமுள்ள சேவல்கள் இறைச்சிக்கு விற்பனையாகும். 25 குஞ்சுகள் வாங்கி 20 பெட்டை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

ஒரு மாதத்திற்குள் உள்ள குஞ்சுகளை, "எல்லாம் பெட்டை" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். பெட்டை மட்டுமே வேண்டும் என்றால், இரண்டு மாதம் முடிந்த கோழிகளை, கீழே சொல்லப்போகும் அடையாளங்களைப் பார்த்து, கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே பாதுகாப்பானது.

ஊரில் சொல்லும் அடையாளங்கள் உண்மையா?

கூரான முட்டையில் சேவலும், உருண்டை முட்டையில் பெட்டையும் வரும் என்பார்கள். முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் வயது, உடல் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரே கோழி ஏறத்தாழ ஒரே வடிவத்தில்தான் முட்டையிடும். அதே கோழியின் ஒரே ஈட்டில் சேவலும் வரும், பெட்டையும் வரும்.

குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் தலையை நிமிர்த்துவது சேவல் என்பதும், நூலில் ஊசி கட்டி ஆட்டிப் பார்ப்பதும் இதுபோன்றவைதான். எந்தக் குஞ்சைப் பார்த்துச் சொன்னாலும் பாதி முறை சரியாக இருக்கும் என்பதால், இவை பலித்ததுபோலத் தோன்றுகின்றன. அடைக்கு வைக்கும் முட்டையில் கவனிக்க வேண்டியது வேறு: நடுத்தர அளவு, விரிசலும் அழுக்கும் இல்லாத ஓடு, இட்டு ஏழு நாட்களுக்கு மேல் ஆகாத புதிய முட்டை. இவை பொரிப்பு எண்ணிக்கையைக் கூட்டும்.

குஞ்சுப் பொரிப்பகங்களில் எப்படிப் பிரிக்கிறார்கள்?

பெரிய பொரிப்பகங்களில் இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, ஆசனவாயை லேசாக விரித்து உள்ளே இருக்கும் சிறு மொட்டைப் பார்த்துப் பிரிப்பது. 1920-களில் ஜப்பானில் உருவான இந்த முறையில் தேர்ச்சி பெற நீண்ட நாள் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் குஞ்சின் வயிற்றை அழுத்தினால், உள்ளே இருக்கும் மஞ்சள் கரு உடைந்து குஞ்சு இறந்துவிடும். வீட்டில் இதை முயல வேண்டாம்.

இரண்டாவது, இறக்கை இறகைப் பார்த்துப் பிரிப்பது. இறக்கையை விரித்தால் நீளமான முதன்மை இறகுகளும், அவற்றின் மேல் மூடும் சிறு இறகுகளும் தெரியும். முதன்மை இறகு தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாகவோ, முதன்மை இறகு குட்டையாகவோ இருந்தால் சேவல். தாய்க்கோழி இறகு மெதுவாக வளரும் வகையாகவும், சேவல் இறகு வேகமாக வளரும் வகையாகவும் இருக்கும்படி தேர்ந்தெடுத்து இணைத்த கலப்பினக் குஞ்சுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். அதுவும் பொரித்த முதல் இரண்டு நாட்களுக்குள் பார்க்க வேண்டும். இணையத்தில் இந்த முறையைக் காட்டும் படங்கள் நிறைய உள்ளன. நம் சிறுவிடை, பெருவிடைக் குஞ்சுகளில் இதைப் பார்த்துப் பிரித்தால் தவறாகவே முடியும்.

இப்படிப் பிரிக்கும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுகளுக்கு வேலை இல்லை. பச்சை, சிவப்பு என்று சாயம் பூசி, சந்தையிலும் தெருவிலும் மலிவாக விற்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படிக் கழிக்கப்பட்ட சேவல்களோ, விற்காமல் மிஞ்சிய கறிக்கோழிக் குஞ்சுகளோதான். முட்டைக்காக இவற்றை வாங்குவதால் பயன் இல்லை. பயணத்தில் வாடிய இந்தக் குஞ்சுகளால் வீட்டிலுள்ள நல்ல கோழிகளுக்கும் நோய் வந்து சேரும்.

முதல் நான்கு வாரம்: வெப்பம்தான் உயிர்

குஞ்சு பிறக்கும்போது அதன் எடை சுமார் 30 கிராம். உடலில் பஞ்சு போன்ற மென்மயிர் மட்டுமே இருக்கும். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு இல்லை. குஞ்சு இறப்பில் பெரும்பகுதி முதல் இரண்டு வாரத்தில் நிகழ்வதற்குக் குளிரும் ஒரு முக்கியக் காரணம்.

அடைக்கோழி இருந்தால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை. ஒரு கோழி 12 முதல் 15 குஞ்சுகள் வரை அணைத்து வளர்க்கும். வாங்கி வந்த ஒரு நாள் குஞ்சுகளை, அடையில் இருக்கும் கோழிக்கு அடியில் இரவில் வைத்தால், அது தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் காகம், பருந்து, கீரி, பூனை ஆகியவற்றிடம் இருந்து காப்பாற்றலாம்.

அதிகக் குஞ்சுகள் இருந்தால் புரூடர் அமைக்க வேண்டும். 50 குஞ்சுகளுக்கு நான்கு அடி விட்டத்தில், ஒன்றரை அடி உயரத் தகரம் அல்லது அட்டையை வளையமாக நிறுத்தினால் போதும். மூலை இருந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும் என்பதால் வட்டமாகவே அமைக்க வேண்டும். தரையில் இரண்டு அங்குல உயரத்திற்கு உலர்ந்த நெல் உமி அல்லது தென்னை நார்க்கழிவைப் பரப்பி, முதல் மூன்று நாட்களுக்கு மட்டும் மேலே சொரசொரப்பான காகிதத்தை விரிக்கவும். வழவழப்பான காகிதத்தில் குஞ்சின் கால் வழுக்கி விரிந்து, நடக்க முடியாமல் போகும். நான்கு நாட்களுக்குப் பிறகு வளையத்தைச் சிறிது சிறிதாக விரித்துக்கொண்டே போக வேண்டும்.

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு தொங்கவிட வேண்டும். 50 குஞ்சுகளுக்கு ஒரே 100 வாட் பல்பைவிட இரண்டு 60 வாட் பல்புகள் நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று எரியும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குத் தேவையான வெப்பத்தைத் தராது. குண்டு பல்பு கிடைக்காத இடங்களில் அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில், தீக்கனல் போட்ட மண்பானையைச் சுற்றிலும் வலை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். புகையும் நச்சுக்காற்றும் வெளியேற வழி இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. அதன் பிறகு வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் நெருக்கி நின்று கத்தினால் குளிர், பல்பைத் தாழ்த்துங்கள். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிக வெப்பம், பல்பை உயர்த்துங்கள். ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கம் இருந்து காற்று வீசுகிறது, படுதாவால் மறையுங்கள். பரவலாக நடந்து, தின்று, படுத்தால் வெப்பம் சரியாக உள்ளது. இரவு இரண்டு மணி வாக்கில் ஒருமுறை எழுந்து பார்ப்பது அவசியம். மாலையில் சரியாக இருக்கும் வெப்பம், அதிகாலைக் குளிரில் போதாமல் போகும்.

தண்ணீரும் தீனியும்

குஞ்சுகள் வந்ததும் முதலில் கொடுக்க வேண்டியது தண்ணீர். கொதிக்க வைத்து ஆறிய நீரில், ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெல்லம் கலந்து கொடுத்தால் பயணக் களைப்புத் தீரும். சில குஞ்சுகளின் அலகை நீரில் நனைத்துப் பழக்கினால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு குளிரில் பிழைப்பது கடினம்.

இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து மக்காச்சோளக் குருணையைக் காகிதத்தின் மேல் தூவலாம். இரண்டாம் நாளில் இருந்து குஞ்சுத் தீவனம் கொடுக்க வேண்டும். எட்டு வாரம் வரை தீவனத்தில் 18 முதல் 20 சதம் புரதம் தேவை. அரிசிக் குருணையும் சோறும் மட்டுமே கொடுத்தால் புரதம் போதாமல் இறகு முளைப்பது தள்ளிப்போகும். நோய் எதிர்ப்பும் குறையும். எட்டு வாரத்தில் ஒரு குஞ்சு சுமார் ஒன்றரைக் கிலோ தீவனம் தின்னும். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடக் கூடாது. அதில் உள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் குஞ்சுகளுக்கு நஞ்சு.

மூன்று வாரத்திற்குப் பிறகு கரையானைக் கூடுதல் புரதமாகத் தரலாம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு ஆகியவற்றைப் போட்டு நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் சேர்ந்திருக்கும்.

தடுப்பூசி தவறக் கூடாது

குஞ்சுகளை மொத்தமாக அழிப்பது வெள்ளைக்கழிச்சல் நோய். இது வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது. கீழாநெல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துக் கொடுப்பதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசியை நிறுத்திவிட்டு அவற்றை நம்ப வேண்டாம்.

7-ஆம் நாள்: வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு.
14-ஆம் நாள்: கம்போரோ நோய்த் தடுப்பு மருந்து.
28-ஆம் நாள்: லசோட்டா, குடிநீரில்.
6 அல்லது 7-ஆம் வாரம்: அம்மைத் தடுப்பூசி.
8-ஆம் வாரம்: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குள்.

உங்கள் பகுதி நோய் நிலவரத்திற்கு ஏற்ப, கால்நடை மருத்துவர் இதில் மாற்றம் சொன்னால் அதன்படி செய்யுங்கள். ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுக்கு மேல் வரும். திறந்த மருந்தை மறுநாளைக்கு வைக்க முடியாது. எனவே, பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போட்டால் செலவும் குறையும். தெருவுக்கே பாதுகாப்பும் கிடைக்கும். மருந்தை ஐஸ் வைத்த குடுவையில்தான் எடுத்து வர வேண்டும்.

மூன்று முதல் ஆறு வாரத்தில் எச்சம் ரத்தமாகப் போனால் அது ரத்தக்கழிச்சல். ஈரமான உமியில் இது வேகமாகப் பரவும். தினமும் உமியைக் கிளறி, நனைந்த பகுதியை அகற்றி, மருத்துவர் சொல்லும் மருந்தை உடனே குடிநீரில் கொடுக்க வேண்டும்.

சேவல், பெட்டையைப் பிரித்தறியும் அடையாளங்கள்

ஒரே வயதுக் குஞ்சுகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மூன்றாவது ஒத்துப்போனால் மட்டுமே பிரியுங்கள்.

3 முதல் 4 வாரம்: சேவல் குஞ்சின் கொண்டை சற்றே தடித்து, இளஞ்சிவப்பு நிறத்திற்கு மாறத் தொடங்கும். பெட்டையின் கொண்டை சிறிதாக, வெளிர் மஞ்சளாகவே இருக்கும். இந்த வயதில் சந்தேகக் குஞ்சுகள் நிறைய இருக்கும். பிரிக்க வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள்.

5 முதல் 6 வாரம்: பெட்டைக்கு முதுகும் தோளும் சீக்கிரம் இறகு மூடி, வாலும் ஒழுங்காக முளைத்திருக்கும். சேவல் குஞ்சின் முதுகில் இறகு இல்லாத இடைவெளி தெரியும். வால் குட்டையாக இருக்கும். சேவலின் கால்கள் தடித்தும், உடல் உயர்ந்தும் நிற்கும். ஒன்றையொன்று முறைத்து நிற்பதைச் சேவலில் அதிகம் காணலாம். ஆனால், பெட்டைக் குஞ்சுகளும் இந்த வயதில் சண்டையிடும் என்பதால், இதை மட்டும் நம்பக் கூடாது.

7 முதல் 8 வாரம்: சேவலின் கொண்டையும் தாடியும் நன்கு சிவந்துவிடும். பல நிறக் குஞ்சுகளில் தோளிலும் இறக்கையிலும் சிவப்பு அல்லது கருமை திட்டுத் திட்டாகத் தோன்றும். பெட்டையின் நிறம் உடல் முழுவதும் சீராகவும் மங்கலாகவும் இருக்கும்.

10 முதல் 12 வாரம்: கழுத்திலும் இடுப்பிலும் உள்ள இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். சேவலில் அது ஒடுங்கி, நுனி கூராகி, பளபளக்கும். பெட்டையில் நுனி வட்டமாக இருக்கும். இது மிக உறுதியான அடையாளம். சில சேவல்கள் அரைகுறையாகக் கூவவும் தொடங்கும்.

பெருவிடையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. இந்த இனத்தில் சேவலுக்கும் கொண்டை பட்டாணி போலச் சிறிதாக, தலையோடு ஒட்டியே இருக்கும். கொண்டையைப் பார்த்துப் பெட்டை என்று ஏமாறுவது இதில்தான் அதிகம். கால் தடிமன், நிற்கும் உயரம், இடுப்பு இறகு ஆகியவற்றைப் பார்த்து, 12 வாரம் வரை பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள். கருங்கோழி எனப்படும் கடக்நாத்தில் கொண்டை கருமை கலந்து இருப்பதால் நிறத்தைப் பார்க்க இயலாது. கொண்டையின் அளவையும் இறகின் நுனியையும் பார்க்க வேண்டும்.

அடையாளம் கண்டதும், கோழியின் காலில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிடலாம். கால் தடிக்கும்போது நூல் இறுகும் என்பதால், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

பிரித்த பிறகு

8 முதல் 12 வாரத்தில் சேவல்களைத் தனியாகப் பிரித்தால், அவை பெட்டைகளைத் துரத்துவதும் தீனியைப் பறிப்பதும் நிற்கும். பெட்டைகளில் சுறுசுறுப்பான, கண் தெளிவான, நோய் கண்டிராத கோழிகளை முட்டைக்கு வையுங்கள். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்தச் சேவலை உங்கள் ஈட்டில் இருந்தே எடுக்காமல், வேறு ஊரில் இருந்து வாங்குங்கள் அல்லது உறவினரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவற்றையே இணைத்தால், சில தலைமுறைகளில் பொரிப்பும் குஞ்சின் வலிமையும் குறையும்.

மற்ற சேவல்களை ஐந்து மாத வாக்கில் விற்கலாம். தீபாவளிச் சந்தையைக் குறிவைத்தால், வைகாசிக்குள் குஞ்சு இறங்கியிருக்க வேண்டும். புரட்டாசியில் பலர் இறைச்சி உண்பதில்லை என்பதால் விலை இறங்கும். அந்த மாதத்தில் விற்கும் நிலை வராமல் திட்டமிடுங்கள். இந்தச் சேவல்களை விற்ற பணம்தான், முட்டை வரத் தொடங்கும் வரை பெட்டைகளுக்கான தீனிச் செலவைத் தாங்கும். அதனால் சேவல் குஞ்சு பிறந்துவிட்டதே என்று வருந்தத் தேவையில்லை.

குஞ்சு வாங்கிய தேதி, எண்ணிக்கை, இறப்பு, தடுப்பூசி போட்ட நாள், எட்டாம் வாரத்தில் சேவல் எத்தனை, பெட்டை எத்தனை என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எத்தனை குஞ்சு வாங்குவது என்பதை விற்பவரின் பேச்சை நம்பி முடிவு செய்யாமல், உங்கள் நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம். தடுப்பூசி, குஞ்சு இறப்பு தொடர்பான ஐயங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகவும். இறந்த குஞ்சு இருந்தால் புதைப்பதற்கு முன் அதை எடுத்துச் சென்று காட்டினால், மற்ற குஞ்சுகளைக் காப்பாற்ற வழி கிடைக்கும்.